எத்தனை முகவரி போதும்?

ஓர் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவ மாணவர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் இணையவழிப் புதிர்ப்போட்டி நடப்பதாகக் கொள்ளலாம். வகுப்புகள் எட்டு, வகுப்புக்கு 35 பேர், ஆளுக்கொரு மடிக்கணினி. காலை எட்டு மணிக்கு முதல் வகுப்பு இணைகிறது. அடுத்தடுத்து ஏழு வகுப்புகள் தடங்கல் இன்றி இணைந்துவிடுகின்றன. எட்டாவது வகுப்பில் முதல் 8 மாணவர்களுக்கு வினாக்கள் திரையில் தோன்றுகின்றன. மீதி 27 பேருக்குத் தோன்றவில்லை. வைஃபை அடையாளத்தில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருக்கின்றன, கடவுச்சொல்லும் சரி. ஆயினும் இணையம் இல்லை.

ஆசிரியர் மடிக்கணினிகளை அணைத்து மீண்டும் திறக்கச் சொல்கிறார். பயனில்லை. இணைய நிறுவனத்திடம் சொல்லி வேகத்தைக் கூட்ட வேண்டும் என்கிறார் மற்றொருவர். வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் அந்த 27 பேரும் வெளியேதான் நிற்பர். ஏனென்றால், அவர்களுக்குக் குறைவது வேகம் அன்று, முகவரி.

அந்த 27 கணினிகளுள் ஒன்றின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் 169.254 என்று தொடங்கும் எண் ஒன்று தெரியும். முகவரி கேட்டுப் பதில் கிடைக்காத கணினி, வேறு வழியின்றித் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. அந்த எண்ணைக் கொண்டு பள்ளியைத் தாண்டி எங்கும் செல்ல முடியாது. முகவரி வழங்கும் சேவையின் பெயர் டிஎச்சிபி. அந்தப் பள்ளியின் மாணவர் வலையில் அச்சேவையின் கையில் இருந்தவை 253 முகவரிகள். ஏழு வகுப்புகளுக்கு 245 போயின. எஞ்சிய எட்டும் எட்டாவது வகுப்பின் முதல் எட்டு மாணவர்களுக்குப் போயின. கணக்கு அத்துடன் முடிந்தது.

253 என்னும் அந்த எண் எங்கிருந்து வந்தது?

இணையத்தில் இன்றும் மிகுதியாகப் புழங்கும் ஐபி முகவரி 32 பிட்டுகள் கொண்ட ஓர் எண். பிட் என்பது 0 அல்லது 1. மனிதர் படிப்பதற்கு எளிதாக அந்த 32 பிட்டுகளை எட்டெட்டாக நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரையுள்ள எண்ணாக எழுதுவர். 192.168.10.25 என்பது அத்தகைய முகவரி. அதன் முன்பகுதி வலையைச் சுட்டும். பின்பகுதி அவ்வலைக்குள் இருக்கும் கருவியைச் சுட்டும். மலேசியாவின் ஐந்திலக்க அஞ்சற்குறியீட்டிலும் சிங்கப்பூரின் ஆறிலக்க அஞ்சற்குறியீட்டிலும் முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைச் சுட்டுவது போன்றதே இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அஞ்சற்குறியீட்டில் வட்டாரம் இத்தனை இலக்கத்தில் முடியும் என்பது நிலையானது. ஐபி முகவரியில் அந்த எல்லைக்கோட்டை வலையைத் திட்டமிடுபவரே முடிவு செய்கிறார்.

எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைச் சாய்கோட்டுக்குப் பின் ஓர் எண்ணால் குறிப்பர். 192.168.10.0/24 என்றால், முதல் 24 பிட்டுகள் வலைக்கு உரியவை; எஞ்சிய 8 பிட்டுகள் கருவிகளுக்கு உரியவை. கணினித் திரையில் இதுவே 255.255.255.0 என்று காட்டப்படும். 8 பிட்டுகளைக் கொண்டு 256 எண்களை உருவாக்கலாம். அவற்றுள் முதல் எண் அந்த வலையின் பெயராகிவிடும். கடைசி எண், வலையில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புவதற்கு உரியது. மீதி 254. அதில் ஒன்று வெளியுலகிற்கு வழிவிடும் ரவுட்டருக்குப் போகும். ஆகவே 253.

இப்படி எல்லைக்கோடு போட்டுப் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியும் துணைவலை எனப்படும். தொழிலில் இருப்பவர்கள் சப்நெட் என்றே சொல்வர். கோட்டை ஒரு பிட் வலப்பக்கம் நகர்த்தினால் துணைவலை பாதியாகும். இடப்பக்கம் நகர்த்தினால் இரட்டிப்பாகும். /25 என்றால் 128 முகவரிகள். /26 என்றால் 64. /27 என்றால் 32. மறுபுறம் /23 என்றால் 512. /22 என்றால் 1,024. சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் கூடக் கூடத் துணைவலை சிறுக்கும் என்பது புதிதாகக் கற்பவரைக் குழப்பும். அந்த எண் வலைக்குப் போன பிட்டுகளைச் சொல்கிறது, கருவிகளுக்கு எஞ்சியதைச் சொல்லவில்லை என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

கடையில் விற்கும் ஏ வரிசைத் தாள்களும் இப்படித்தான். ஏ3 தாளை நடுவில் மடித்து வெட்டினால் இரண்டு ஏ4. ஏ4 தாளை வெட்டினால் இரண்டு ஏ5. இடையில் ஒன்றரை அளவு என்று எதுவும் இல்லை. பள்ளியில் இருப்பவை 280 மடிக்கணினிகள் என்பதால் 300 முகவரிகள் கொண்ட துணைவலை வேண்டும் என்று கேட்க முடியாது. 254 போதாது என்றால் அடுத்த அளவு 510தான்.

அப்படியானால், பள்ளியின் மாணவர் வலையை /24இலிருந்து /23ஆகப் பெரிதாக்கிவிட்டால் போதாதா? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

அப்பள்ளியின் பழைய திட்டத்தில் நான்கு துணைவலைகள் இருந்தன. 192.168.8.0 ஆசிரியர்களுக்கும் அலுவலகத்திற்கும் உரியது. 192.168.9.0 காலியாக இருந்தது. 192.168.10.0 மாணவர்களுக்கு. 192.168.11.0 கண்காணிப்புக் கேமராக்களுக்கு. பத்தாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்பதாம் எண் காலி. இரண்டையும் சேர்த்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சேர்க்க முடியாது.

நீளமான காகிதப் பட்டை ஒன்றை எடுத்து நடுவில் வெட்ட வேண்டும். கிடைத்த இரண்டு பாதிகளையும் மீண்டும் நடுவில் வெட்ட வேண்டும். இப்போது வரிசையாக நான்கு துண்டுகள். அவற்றுக்கு 8, 9, 10, 11 என்று எண் இடலாம். எட்டும் ஒன்பதும் ஒரே பாதியிலிருந்து வந்தவை. பத்தும் பதினொன்றும் மற்றொரு பாதியிலிருந்து வந்தவை. ஒன்பதும் பத்தும் அருகருகே இருந்தாலும் அவற்றுக்கிடையே ஓடுவது முதல் வெட்டு. துணைவலைகளைச் சேர்ப்பது என்பது கடைசியாக வெட்டியதை முதலில் ஒட்டுவது. ஆகவே எட்டுடன் ஒன்பது சேரும்; பத்துடன் பதினொன்று சேரும். ஒன்பதையும் பத்தையும் மட்டும் தனியே ஒட்ட வழியில்லை.

எண்களை இரும முறையில் எழுதினால் காரணம் கண்ணுக்கே தெரியும். பத்து 00001010, பதினொன்று 00001011. இரண்டும் கடைசி பிட்டில் மட்டுமே வேறுபடுகின்றன. அந்த ஒரு பிட்டைக் கருவிகளின் பக்கம் தள்ளிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்பது 00001001. பத்துடன் ஒப்பிட்டால் கடைசி இரண்டு பிட்டுகளும் மாறியிருக்கின்றன. இந்த இரண்டையும் ஒன்றாக்க இரண்டு பிட்டுகளைத் தள்ள வேண்டும். அப்போது எட்டும் பதினொன்றும் சேர்ந்தே உள்ளே வந்துவிடும். இதனால்தான் /23 துணைவலை எப்போதும் இரட்டைப்படை எண்ணில் தொடங்குகிறது. /22 துணைவலை நான்கால் வகுபடும் எண்ணில் தொடங்குகிறது.

பத்தாம் எண்ணின் உண்மையான இணை பதினொன்று. அதில் 28 கேமராக்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றின் முகவரியும் கையால் எழுதப்பட்டது. காலியான இடம் இருந்தும் அது தவறான பக்கத்தில் இருக்கிறது.

இந்த நிலையில், முதலிலேயே மாபெரும் துணைவலை ஒன்றை வைத்து அனைவரையும் அதில் போட்டிருந்தால் தொல்லையே இல்லையே என்று தோன்றலாம். அதற்கும் விலை உண்டு. ஒரு துணைவலையில் உள்ள கணினி, அதே துணைவலையில் உள்ள இன்னொரு கருவியுடன் பேச வேண்டுமானால், “இந்த முகவரி யாருடையது?” என்று முதலில் எல்லாருக்கும் கேட்கும்படி கூவ வேண்டும். அச்சுப்பொறியும், கைப்பேசியும், கேமராவும் தம் வேலையைச் சற்று நிறுத்தி அந்தக் கூவலைக் கேட்டாக வேண்டும். பள்ளி ஒலிபெருக்கியில் ஒரு மாணவரின் பெயரை அழைக்கும்போது எல்லா வகுப்புகளும் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பதைப் போன்றது அது. நூறு கருவிகள் உள்ள இடத்தில் இது தொந்தரவு ஆகாது. சில ஆயிரம் கருவிகள் ஒரே துணைவலையில் இருந்தால் ஒலிபெருக்கி ஓயாது. வைஃபையில் நிலைமை இன்னும் மோசம். எல்லாருக்குமான செய்தியைத் தொலைவில் இருக்கும் கருவிக்கும் புரியும்படி மெதுவான வேகத்திலேயே வைஃபை நிலையம் அனுப்புவது வழக்கம். அது முடியும் வரை அந்த அலைவரிசையில் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு மற்றொரு காரணம். ஒரே துணைவலையில் உள்ள கருவிகள் ரவுட்டரைக் கடக்காமலேயே ஒன்றுடன் ஒன்று பேசிக்கொள்ளும். ஆகவே ரவுட்டரில் வைத்திருக்கும் தடைகள் எவையும் அங்கே செல்லாது. மாணவரின் மடிக்கணினியும், தேர்வு மதிப்பெண்கள் உள்ள அலுவலகக் கணினியும், வாசலைப் பார்க்கும் கேமராவும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை எந்தப் பள்ளியும் விரும்பாது. அளவைத் தேர்வு செய்வதற்கு முன் யார் யாருடன் சேர்ந்து இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

அளவைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இணையமே ஒருமுறை பெரிய அளவில் அனுபவித்திருக்கிறது. 1981இல் ஐபி முகவரியின் விதிகள் வெளியிடப்பட்டபோது, நிறுவனங்களுக்கு மூன்று அளவுகள் மட்டுமே இருந்தன. ஏ வகுப்பில் ஒரு வலைக்கு ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள். பி வகுப்பில் 65,534. சி வகுப்பில் 254. சட்டைக் கடையில் குழந்தை அளவும் யானை அளவும் மட்டும் விற்றதைப் போன்ற நிலை.

2,000 கணினிகள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தை எண்ணிப் பார்க்கலாம். சி வகுப்பு போதாது. பி வகுப்பை வாங்கினால் 63,534 முகவரிகள் வீணாகும். வீணாவது தன் பணம் அன்று என்பதால் பலர் பி வகுப்பையே கேட்டு வாங்கினர். உலகம் முழுவதற்கும் இருந்த பி வகுப்பு வலைகளோ 16,384தான். 1990களின் தொடக்கத்தில் அவை தீர்ந்துவிடும் என்ற கவலை எழுந்தது. பி வகுப்புக்குப் பதிலாக எட்டு சி வகுப்புகளைத் தரலாமே என்றால் வேறொரு தொல்லை. எட்டு வலைகளுக்கும் தனித்தனியே வழி எழுதிவைக்க வேண்டும். அதுவும் இணையத்தின் நடுவில் இருக்கும் ரவுட்டர்கள் ஒவ்வொன்றிலும். அந்தக் காலத்து ரவுட்டர்களின் நினைவகம் அதைத் தாங்காது என்று பொறியாளர்கள் அஞ்சினர். ஆக, மிகப் பெரியதைக் கொடுத்தால் முகவரி தீரும். மிகச் சிறியதை அடுக்கினால் ரவுட்டர் திணறும்.

1985இலேயே ஒரு நிறுவனம் தனக்குக் கிடைத்த வலையை உள்ளுக்குள் துணைவலைகளாகப் பிரித்துக்கொள்ள விதி வந்துவிட்டது. ஆனால் வெளியுலகுக்கு மூன்று அளவுகளே நீடித்தன. 1993இல் வகுப்புகளை ஒழித்துவிட்டு, எல்லைக்கோட்டை எந்தப் பிட்டிலும் போடலாம் என்ற முறை ஏற்கப்பட்டது. இன்று எழுதப்படும் சாய்கோடு அந்த மாற்றத்தின் அடையாளம். அந்த 2,000 கணினிப் பல்கலைக்கழகத்திற்கு /21 ஒன்று போதும்: 2,046 முகவரிகள், ஒரே வழிக்குறிப்பு.

அந்த மாற்றம் காலத்தை நீட்டித்தது, முகவரிகளைப் பெருக்கவில்லை. 2011 பிப்ரவரி 3ஆம் நாள், உலகப் பொது இருப்பிலிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகள் ஐந்து கண்டப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. மலேசியாவும் சிங்கப்பூரும் அடங்கிய ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பதிவகமான ஏப்னிக், அவ்வாண்டு ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதியைத் தொட்டுவிட்டது. அதன்பின் அத்தொகுதியிலிருந்து ஓர் உறுப்பு நிறுவனம் பெறக்கூடியது அதிகபட்சம் ஒரு /22, அதாவது 1,024 முகவரிகள். 2019இல் அதுவும் 512ஆகக் குறைக்கப்பட்டது. பொது முகவரிகளில் இன்று ஒவ்வொரு பிட்டும் காசு.

பள்ளியின் கதை அப்படியன்று. 1994இல் மூன்று முகவரிப் பகுதிகள் உள்வலைகளுக்காகவே ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்குவன 65,536 முகவரிகள். 172.16 முதல் 172.31 வரை பத்து இலட்சத்துக்கும் மேல். 10 என்று தொடங்குவன மட்டும் 16,777,216. இவற்றை யாரிடமும் கேட்காமல், காசு கொடுக்காமல் எந்தப் பள்ளியும் வீடும் பயன்படுத்தலாம். வெளியே செல்லும்போது ரவுட்டர் இவற்றைப் பொது முகவரியாக மாற்றி அனுப்பிவிடும்.

ஆகவே, பள்ளிக்குள் அளவைத் தேர்ந்தெடுப்பது சிக்கனக் கணக்கு அன்று. பயிற்சிப் புத்தகங்களில் வரும் கணக்குகள் இந்த இடத்தில் மாணவர்களைச் சற்றுத் திசைதிருப்பிவிடுகின்றன. “ஒரு முகவரியும் வீணாகாமல் பிரித்துக் காட்டுக” என்று அவை கேட்கின்றன. அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கும் விடையை ஒரு பள்ளியில் அப்படியே நிறுவினால் என்ன ஆகும்?

பழைய நான்கு துண்டுகளையும் சேர்த்தால் 192.168.8.0/22, மொத்தம் 1,024 முகவரிகள். தேவைகளைப் பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்தி வெட்ட வேண்டும். மாணவர் மடிக்கணினிகள் 280. அவற்றுக்கு ஒரு /23, எட்டும் ஒன்பதும். 70 ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு மடிக்கணினியும் கைப்பேசியும், ஆக 140. அவர்களுக்கு ஒரு /24, அதாவது பத்து. இரண்டு கணினிக் கூடங்களில் 80 கணினிகள். ஒரு /25, பதினொன்றின் முதற்பாதி. அடுத்தவை கேமராக்கள். 28 கேமராக்கள்தானே, 30 கருவிகள் கொள்ளும் /27 போதும் என்று பலர் எழுதுவர். கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் கருவிக்கு ஒரு முகவரி, ரவுட்டருக்கு ஒரு முகவரி. கூட்டினால் சரியாக 30. அடுத்த ஆண்டு சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு கேமரா பொருத்தினால் அதற்கு இடமில்லை. எனவே /26 கொடுக்க வேண்டும். கடைசியாக அலுவலகத்தின் 20 கருவிகளுக்கு ஒரு /27. கூட்டுத்தொகை 992. மீதி 32. கணக்கு அழகாக முடிகிறது.

ஆனால், அடுத்த ஆண்டு மாணவர்கள் கைப்பேசியையும் வலையில் இணைக்கலாம் என்று பள்ளி முடிவு செய்தால் 280 என்பது 560 ஆகிவிடும். 510 போதாது. மாணவர் வலையைப் பெரிதாக்க வேண்டும் என்றால் அதன் பக்கத்தில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; அதற்கப்பால் கணினிக் கூடம். நெருக்கமாக அடுக்கிய பெட்டிகளில் ஒன்றைப் பெரிதாக்க எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

மற்றொரு திட்டம் இப்படிப் போகும். 10.40.0.0/16 என்ற பகுதியை எடுத்துக்கொள்வது. அதில் 65,536 முகவரிகள். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்றாம் எண்ணில் பதினாறு இடங்கள்: அலுவலகம் 10.40.0 முதல், மாணவர் 10.40.16 முதல், ஆசிரியர் 10.40.32 முதல், கேமரா 10.40.48 முதல், கணினிக் கூடம் 10.40.64 முதல். ஒவ்வோர் இடமும் ஒரு /20. ஆனால் அவ்வளவையும் உடனே திறந்துவிடுவதில்லை. மாணவர்களுக்கு இப்போதைக்கு 10.40.16.0/23 மட்டும், ஆசிரியர்களுக்கும் கேமராக்களுக்கும் ஆளுக்கொரு /24. மீதி காகிதத்தில் காலியாகக் கிடக்கும். மாணவர் கைப்பேசிகள் வந்தால் /23ஐ /22 ஆக்கலாம். இன்னும் வந்தால் /21 ஆக்கலாம். எங்கும் பக்கத்து வீட்டுச் சுவர் இடிக்காது.

கேமராவுக்கு 30 முகவரி வேண்டிய இடத்தில் 254 கொடுத்து, அதற்குப் பின்னால் மேலும் 3,840 எண்களை ஒதுக்கிவைப்பது கண்ணுக்கு வீணாகத் தெரியும். ஆனால் யாரிடமிருந்தும் பறித்தது அன்று. பெரிய துணைவலையின் கெடுதல் அதில் உள்ள கருவிகளின் எண்ணிக்கையால் வருவது. காலி எண்கள் கூவுவதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. நள்ளிரவில் ஏதோ ஒரு கருவி வலையை அடைத்துக்கொள்கிறது என்றால், அதன் முகவரி 10.40.48 என்று தொடங்குவதைப் பார்த்தவுடன் அது கேமரா என்று தெரிந்துவிடும். சிக்கனத் திட்டத்தில் 192.168.11.150 என்பது யாருடையது என்று காகிதத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வீட்டு ரவுட்டர்கள் பல 192.168.0 அல்லது 192.168.1 என்னும் எண்களுடனேயே கடையிலிருந்து வருகின்றன. பள்ளியும் அதே எண்ணை வைத்துக்கொண்டால், வீட்டிலிருந்து பள்ளி வலைக்குள் பாதுகாப்பாக நுழைய முயலும் ஆசிரியரின் கணினிக்கு எது வீடு, எது பள்ளி என்று தெரியாமல் போகும். பள்ளி ஒரு பெரிய அமைப்பின் வலைக்குள் இருந்தால் மட்டும், எந்தப் பகுதி தனக்குரியது என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

எண்ணும்போது ஆட்களை எண்ணாமல் கருவிகளை எண்ண வேண்டும் என்பது ஆசிரியர் கணக்கிலேயே தெரிந்தது. கருவிகளிலும் ஒரே நேரத்தில் எத்தனை என்பதைப் பார்க்க வேண்டும். விளையாட்டுப் போட்டி நாளன்று பள்ளிக்கு வரும் பெற்றோர்களுக்கு வைஃபை கொடுப்பதாகக் கொள்ளலாம். நாள் முழுவதும் 900 பேர் வந்து போகலாம். ஒரு நேரத்தில் திடலில் இருப்பவர் 200 பேராக இருக்கலாம். டிஎச்சிபி முகவரியை விற்பதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு விடுகிறது. வாடகைக் காலம் ஒரு நாள் என்று இருந்தால், காலை ஒன்பது மணிக்கே வீடு திரும்பியவரின் முகவரியும் மறுநாள் வரை அவர் பெயரிலேயே இருக்கும். 900 முகவரிகள் தேவைப்படும். காலத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தால் ஒரு /23 தாராளமாகப் போதும். துணைவலையைப் பெரிதாக்குமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் புதிர்ப்போட்டி நாளில் இது உதவியிருக்காது. அங்கே 280 பேரும் ஒரே நேரத்தில் இருந்தனர்.

முகவரி 128 பிட்டுகளாக நீண்ட புதிய முறையான ஐபிவி6இல் இந்தக் கவலை இல்லை. அங்கே சாதாரணத் துணைவலை ஒவ்வொன்றும் /64. அதில் அடங்கும் முகவரிகளை எந்தப் பள்ளியாலும் நிரப்ப முடியாது. ஆனாலும் கருவிகளின் கூச்சலைக் குறைக்கவும், மாணவரையும் அலுவலகத்தையும் பிரிக்கவும் துணைவலைகள் வேண்டியிருக்கின்றன. எத்தனை துணைவலைகள், எந்த வரிசையில், எங்கே இடைவெளி என்னும் கேள்விகள் அப்படியே தொடர்கின்றன.

அந்தப் பள்ளியின் கணினித் தொழில்நுட்பருக்கு மூன்று வழிகள் இருந்தன. காலியாக இருந்த ஒன்பதை மேல்மாடி வகுப்புகளுக்குத் தனித் துணைவலையாகத் தரலாம். இது உடனே செய்யக்கூடியது. ஆனால் கீழ்மாடியிலிருந்து மேல்மாடிக்கு நடக்கும் மாணவரின் மடிக்கணினி வழியில் முகவரியை மாற்றிக்கொள்ளும். பாதியில் இருக்கும் காணொளி அழைப்பு அறுந்துபோகும். கேமராக்களைப் பதினொன்றிலிருந்து வெளியேற்றிப் பத்தைப் பெரிதாக்கலாம். அதற்கு 28 கேமராக்களின் முகவரிகளையும் கையால் மாற்ற வேண்டும். பதிவுக் கருவியில் உள்ள 28 வரிகளையும் மாற்ற வேண்டும். ஒன்று தவறினால் ஒரு வாசல் இருட்டாகும். மூன்றாவது வழியில் கேமராக்களைத் தொடவே வேண்டாம். மாணவர்களை இடம் மாற்றினால் போதும். மடிக்கணினிகள் முகவரியைத் தாமாகக் கேட்டு வாங்குபவை என்பதால், டிஎச்சிபியில் புதிய பகுதியை எழுதிவிட்டால் அவை அடுத்த முறை திறக்கும்போது தாமே இடம் மாறிவிடும். ரவுட்டரில் பழைய எண்களும் புதிய எண்களும் சில மாதம் அக்கம்பக்கமாக இருக்கலாம்.

அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிறார். சனிக்கிழமை மதியத்துக்குள் வேலை முடிகிறது. திங்கட்கிழமை எட்டு வகுப்புகளும் இணைகின்றன. மடிக்கணினிகளின் முகவரிகள் 10.40.16 அல்லது 10.40.17 என்று தொடங்குகின்றன என்பதை எந்த மாணவரும் கவனிக்கவில்லை. கேமராக்கள் ஆண்டிறுதி விடுமுறை வரை பழைய இடத்திலேயே இருக்கும். தொழில்நுட்பரின் மேசைமேல் உள்ள திட்டத்தாளில் 10.40.18 முதல் 10.40.31 வரையுள்ள வரிகள் காலியாக இருக்கின்றன. ஓரத்தில் பென்சிலால் ‘மாணவர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அடுத்த வாரம் சிற்றுண்டிச்சாலையில் பணம் செலுத்தும் கருவிகள் ஐந்தைப் பொருத்த வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கேட்கிறார்கள். காலியாக இருக்கும் 18ஐக் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் தாளைக் காட்டிச் சொல்கிறார். அவர் தாளைத் திருப்பி, கீழே இறங்கி, 10.40.80 என்ற புதிய வரியைத் தொடங்குகிறார்.